பச்சை நாற்காலி

நவம்பர் பிறந்ததிலிருந்து அர்டிஸ் தன் சக்கர வீடான கேரவனின் நிழலில் இரண்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தாள். நீலம் அவளுடையது. பச்சை பக்கத்து இடத்து லோர்னுடையது, ஒரு கைப்பிடியில் கம்பி சுற்றியிருக்கும். நீலத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பச்சையில் டெல்பர்ட் ஒரு நாள் சாயப் போனான்.

"எந்திரி. ஆள் வருது."

"போன வாரமும் இதத்தான் சொன்ன. அந்தாளு கனடாவுலேருந்து நடந்தா வர்றான்?"

டெல்பர்ட் எதிர் இடத்துக்காரன். அயோவாவில் பன்றி வளர்த்தவன். அன்று காலைதான் எல்லை தாண்டி மெக்சிகோவில் மலிவாகப் பல் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தான். பாதி வாய் மரத்திருந்தும் பேச்சு நிற்கவில்லை.

பாலைவன ஊரான யூமாவுக்குக் கிழக்கே, அந்தக் கேரவன் பார்க்கில் குளிர்காலம் கழிக்க வருகிறவர்கள் மார்ச் கடைசியில் வடக்கே திரும்பும்போது நாற்காலியை எடுத்துப் போவதில்லை. பொதுக்கூடத்தின் பின்னறையில் போட்டுவிட்டுப் போவார்கள். நாற்காலி இருந்தால் ஆள் வருவான். முதலில் வருகிறவர் பக்கத்து இடத்துக்காரருடையதையும் தூசி தட்டிப் போட்டு வைப்பார். இனி வரப்போவதில்லை என்று ஆனவர், தன் இடத்துக்கு வருகிற புதியவருக்கு அதைக் கொடுத்துவிடுவார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அர்டிஸ் வடக்கு டகோட்டாவில் முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். தெற்கே போகலாம் என்று ஆசையாகக் கேரவனை வாங்கியவன் புருஷன் ரேமண்ட். ஒரு குளிர்காலத்துக்குக்கூட அவன் இருக்கவில்லை. அவள் தனியாக டிரக்கில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். பார்க்கில் ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது: நீளமான வண்டிகளைப் பின்னால் எடுத்து இடத்தில் நிறுத்தக் கைகாட்டுவது. புருஷன் ஓட்டிப் பெண்டாட்டி கைகாட்டினால் ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

லோர்ன் முதல் வருடம் அவள் கையைப் பார்க்காமல் முள்மரத்தில் இடித்தான். கேரவனின் பின்மூலை நசுங்கியது. அதை அவன் சரிசெய்யவே இல்லை. அடுத்த வருடத்திலிருந்து ஒழுங்காகக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கடைசியில் அவள் உள்ளங்கையைத் தலைமேல் வைப்பாள். நிறுத்து, காபி தயார் என்று அர்த்தம். அவர்கள் இருவருக்கும் மட்டும்.

போன மார்ச்சில், கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், அவன் நெருப்பைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வண்டி, ரெண்டு அடுப்பு. ஒண்ணு போதாதா அர்டிஸ்?"

"அடுத்த நவம்பர்ல சொல்றேன்."

"அதுவரைக்கும் என்ன யோசிப்ப?"

"உன் குறட்டையப் பத்தி."

அவன் சிரித்தான். கோடையில் இவர்கள் போன் பேசிக்கொள்வதில்லை. கோடை பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் உரியது. குளிர்காலத்து ஆட்களை அதில் கலப்பதில்லை. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவள் தன் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொல்ல இரண்டே வார்த்தை. சரி, லோர்ன்.

டிசம்பர் பாதியில், நாலு மணிக்கு எல்லாரும் கோப்பையும் கையுமாய்க் கூடுகிற நேரம், அந்த வண்டி வாசலில் திரும்பியது. பழுப்புக் கோடு. நசுங்கிய பின்மூலை. அர்டிஸ் காபியை அடுப்பில் ஏற்றிவிட்டு ஓடினாள். அந்த பார்க்கில் ஆளை முகத்தால் அடையாளம் கண்டவர் யார்? வண்டிதான் ஆள். முன்கண்ணாடியில் வெயில் தகதகத்தது. அவள் வழக்கமான இடத்தில் நின்றாள். இடது, இன்னும் இடது, நேராக்கு. வண்டி அவள் கை சொன்னபடி வந்தது. உள்ளங்கையைத் தலைமேல் வைத்தாள். சட்டென்று நின்றது.

"இவ்வளவு நாள் ஆயிடுச்சா உனக்கு?" என்று கதவைப் போய்த் தட்டினாள்.

இறங்கியவனுக்கு நாற்பது வயதிருக்கும். பின்னாலேயே ஒரு பெண்.

"நீங்கதானே அர்டிஸ்? நான் கிரெய்க். இவ டானிஸ். கிழவர் சொன்னாரு, அந்தம்மா தலையில கை வச்சா அப்படியே நிறுத்திடு, இல்லேன்னா மரம்னு."

அவள் கை இன்னும் கதவில் இருந்தது.

"அவன் எங்க?"

"மெடிசின் ஹாட் ஊர்ல, மக வீட்டுல. கண்ணுல நடுப்பகுதி தெரியல. ஓரம் மட்டும் தெரியுதாம். லைசன்ஸப் பிடுங்கிட்டாங்க. அதான் வண்டிய எங்களுக்கு வித்துட்டாரு."

டானிஸ் தயங்கினாள். "இன்னொண்ணும் சொன்னாரு. அவரோட நாற்காலி உங்ககிட்ட இருக்காம். அத நாங்க எடுத்துக்கணுமாம். சொன்னா உங்களுக்குப் புரியும்னாரு."

"வேற எதுவும் கேட்டானா?"

"இல்லையே."

புரிந்தது. கோப்பையோடு வந்து நின்ற டெல்பர்ட்டுக்கும் புரிந்தது. அர்டிஸ் தன் இடத்துக்குப் போனாள். காபி பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. வெளியே வந்து இரண்டு நாற்காலிகளையும் பார்த்தபடி நின்றாள். பச்சையின் கம்பியை விரலால் தடவினாள். போகிறவன் அதையாவது தன்னிடம் விட்டிருக்கலாம். அவள் பதிலைக் கேட்டு வரச் சொல்லியாவது அனுப்பியிருக்கலாம். குருடனுக்கு யார் சரி சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டான் போல. இல்லை, கேட்டதையே மறந்துவிட்டானோ?

நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு போய் டானிஸிடம் கொடுத்தாள்.

"உக்காருங்க. நல்ல நாற்காலி. மழையில மட்டும் விட்றாதீங்க."

அவர்கள் நன்றி சொல்லி உள்ளே போனதும் டெல்பர்ட் கிட்டே வந்தான்.

"ஏய், நீலத்தையில்ல குடுத்திட்ட. அது உன்னோடது."

"தெரியும்."

"நாற்காலியக் குடுத்தா என்ன அர்த்தம்னும் தெரியும்ல?"

"எனக்கேவா சொல்லித்தர?"

அவன் வடக்குப் பக்கம் கை நீட்டினான். "வடக்க இப்ப இடுப்பளவு பனி."

"நான் பஸ் ஓட்டினது அதுலதான்."

"சரி, அங்க போய்ச் சேர்ந்து வண்டியப் பின்னால எடுக்கறப்ப யாரு கைகாட்டுவா? அவனுக்குத்தான் கண்ணு தெரியாதே."

அர்டிஸ் பச்சை நாற்காலியை மடக்கி, டிரக்கின் முன்சீட்டில் தன் பக்கத்தில் வைத்து, பெல்ட்டையும் மாட்டினாள்.

"அவன் வந்து நிக்கட்டும் போதும்" என்றாள். "நான் பாத்துக்கறேன்."