பாண்டிக் கட்டத்தின் ஓரத்தில் ஓர் அரைவட்டம்

மந்தைவெளியில் பிள்ளைகள் பாண்டி ஆட, ஓட்டுச் சில்லு தரையில் உரசும் சத்தம் என்னை 1930களின் சாந்தோமுக்கு இழுத்துப் போனது.

நொண்டியடித்தால் விழுந்துவிடுவேனோ என்று எனக்கு எப்போதும் பயம். “பயந்தாங்கொள்ளியச் சேக்காதடி!” என்பார்கள். பக்கத்து வீட்டு ஜைனபு மட்டும் கட்டத்தை ஒட்டி ஓர் அரைவட்டம் கிழித்தாள். “இதுல ரெண்டு காலும் ஊனி நின்னுக்கோ. இன்னா இப்போ?”

அன்றுதான் முழு ஆட்டமும் ஆடினேன். கேலி செய்தவர்களே பிறகு அதில் நின்று மூச்சு வாங்கினார்கள். அடுத்த தெருவுக்கும் அது போனது.

இங்கே மந்தைவெளியில், அந்த அரைவட்டம் முக்கோணமாகியிருந்தது.

“யார் சொல்லிக்குடுத்தா?” என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

“எல்லாரும் இப்டித்தான் ஆயா ஆடுவாங்க!”

உயிர்கள் இடத்துக்கேற்ப மாறிப் பிழைக்கும் என்று பேரன் பாடம் படிக்கக் கேட்டிருக்கிறேன். பாதியில் பள்ளியை விட்டவளுக்கு இப்போதுதான் அது புரிந்தது.

ஓரத்தில் தயங்கி நின்ற ஒரு சிறுமி, முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கினாள்.