ஸ்டெல்லா அக்கா திறந்துவிட்ட கோழிகள்

ஸ்ரீமுஷ்ணத்தில் என் நாத்தனார் மகள் வளைகாப்பில் சாயங்காலப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது சவரிமுத்து அண்ணனின் போன் வந்தது. "ஸ்டெல்லா போயிட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றார். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "கோழியெல்லாம் அடைச்சிட்டீங்களாண்ணே?" சீ, இதையா கேட்பாள் ஒருத்தி! பாவம், மனைவியைப் பறிகொடுத்த அந்த மனிதரும், "இன்னும் இல்லம்மா, வெளியதான் மேயுது" என்று பதில் சொன்னார்.

நம் செராமிக் யூனிட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பொம்மைகளைக் பளபளப்புக்கான கிளேஸ் பூச்சில் முக்கியெடுப்பார்; அடுத்த மேசையில் நான் கண் எழுதுவேன். வீடும் அடுத்தடுத்த வீடுதான், நடுவே இடுப்பளவுச் சுவர்.

அக்காவின் கோழிகள் முன்பெல்லாம் பகல் முழுக்க வெளியே மேயும். ஒருநாள் காலை என் நாய் டைகர், முட்டையிடுகிற சிவப்புப் பெட்டையைக் கவ்விக்கொண்டு வந்து நின்றது. கோழி செத்திருந்தது. எங்கள் எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் அக்கா "பா, பா" என்று தெருமுனை வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே தேடினார். "கீரி தூக்கியிருக்கும்க்கா" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அடுத்த வாரமே, சூளையில் விரிசல் விட்டு ஒதுக்கிப்போட்ட மண்குழாய்களைக் கேட்டு வாங்கிவந்து தோட்டமெங்கும் கிடத்தினார். வானத்தில் பருந்து தெரிந்தால் சேவல் ஒரு குரல் கொடுக்கும். அத்தனையும் குழாய்க்குள் பாயும். இரண்டு பக்கமும் ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டேன். "கீரி இந்தப் பக்கம் பூந்தா கோழி அந்தப் பக்கம் போவணும்ல? ஓடறதுக்கு மட்டும் இல்லடி, ஒளியறதுக்கும் எடம் வேணும்" என்றார். கீரி என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாரோ? இப்போது அப்படித் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அதன்பிறகு சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கூண்டைத் திறப்பார். பொழுது மசங்கும்போது கோழிகள் தாமாகவே வந்து அடைந்துவிடும். திறப்பதற்கு முன் சுவருக்கு மேல் அவர் தலை தெரியும். "வள்ளி, டீ போட்டுட்டேன், வா. நாய கட்டிட்டு வா, எனக்கு நாயின்னா பயம்டி." நானும் டைகரைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போவேன். தினமும் டீ, தினமும் ஊர்க்கதை. என் மாமியாரை நான் திட்டாத நாளில்லை. "கொஞ்சம் மூச்சு வுட்டுட்டுத் திட்டுடி" என்பார்.

டைகர் வயதாகிச் செத்தபோது குழி தோண்ட அக்காதான் வந்தார். அதன் தலையை நெடுநேரம் தடவிக்கொடுத்தார். செத்த நாயிடம் என்ன பயம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் ஐந்து மணிக்கு, "வள்ளி, டீ ஆறுது" என்று குரல் வந்தது.

சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து, அக்காவுக்கு நாயென்றால் எவ்வளவு பயம் என்று நான் சொல்லப்போக, சவரிமுத்து அண்ணன் சிரித்துவிட்டார். "அவளுக்கா பயம்? அவங்க அப்பா வூட்ல நாலு நாயி இருந்துச்சி. ஒன் எலுமிச்ச மரத்தாண்ட செவப்பு எறகப் பாத்துட்டு வந்து அன்னிக்கே சொன்னா. நேரா கேட்டா வள்ளி நாய எங்கியாவது கொண்டுபோய் வுட்டுடுவா, வாயில்லா ஜீவன், பாவம்னா. அதான் டீக்குக் கூப்டறது. நீ நாய கட்டிட்டு வந்தாத்தான கோழி நிம்மதியா மேயும்?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடிப்பாவி அக்கா, இத்தனை வருடமும் என்னை நாயைக் கட்டவைக்கத்தான் டீ கொடுத்தாயா? வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. சரி, டைகர் செத்து இரண்டு வருடமாகிறதே, அதற்குப் பிறகும் எதற்குக் கூப்பிட்டார்? கோழிக்காகக் கூப்பிட்டது எந்த நாளில் எனக்காகக் கூப்பிட்டதாக மாறியது? யாரைக் கேட்பேன்? அண்ணனைக் கேட்டால், "அதெல்லாம் அவளுக்கே தெரியாதும்மா" என்கிறார்.

அண்ணன் புதுச்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்கே போகிறார். கோழிகளை என்னிடம் விட்டிருக்கிறார். நான் பொய் சொன்னேன் என்று அக்காவிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்த நாட்கள் உண்டு. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தச் சாயங்காலங்கள்தான். அவற்றில் ஏதோ ஒன்றில் அக்கா என்னை மன்னித்திருக்கிறார். எது என்று தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து நான் பாட்டுக்கு மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.