அப்பாவின் சட்டைப் பை

அப்பாவின் சட்டைகளில் இடப்பக்கப் பைக்கு மட்டும் இரட்டைத் துணி. அம்மா தைத்தது. ஒற்றைத் துணி மூன்று மாதம்கூடத் தாங்காது. அந்தப் பையில் பியூஸ் கட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர் வேலை செய்வார்.

உள்ளங்கையில் அடங்கும் பீங்கான் கட்டை. போர்டிலிருந்து உருவிவிட்டால் அந்த லைனில் மின்சாரம் கிடையாது.

"சுச்ச நம்பாத. எவன் வேணா வந்து போடுவான். கட்ட என் பாக்கெட்ல கீதுன்னா, கரண்டும் என் பாக்கெட்ல கீது" என்பார்.

பெயர் கங்காதரன். வேப்பம்பட்டில் பிறந்தவர். ஐடிஐ முடித்து, இருபத்திரண்டு வயதில் பூந்தமல்லி தாண்டி இருக்கும் பழைய பங்களா ஓட்டல் ஒன்றில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். முப்பத்து நான்கு வருடம் அங்கே ஒவ்வொரு விளக்கும் அவர் கையால் எரிந்தது. எங்களை ஒரு நாளும் உள்ளே அழைத்துப் போனதில்லை. "அது வேல செய்ற எடம்" என்பார்.

மார்ச் ஒன்பதாம் தேதி அங்கே ஒரு கல்யாண வரவேற்பு. புல்வெளியில் இருக்கும் நீரூற்றின் மோட்டார் நின்றுவிட்டது. தொட்டிக்குள் இறங்கிய அப்பா மின்சாரம் பாய்ந்து இறந்தார். சப்ளையை நிறுத்தாமல் கவனக்குறைவாக வேலை செய்தார் என்று ஓட்டல் எழுதிக் கொடுத்தது. போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது.

மருத்துவமனையில் தந்த நனைந்த சட்டையின் பையில் கட்டை இருந்தது. அதன்மேல் அவர் கையெழுத்தில் 'புல்வெளி' என்று எழுதியிருந்தது.

நான் மின் பொறியாளர். அம்பத்தூரில் கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியில் வேலை. கட்டை அவர் பையில் இருந்தும் மின்சாரம் வந்ததென்றால், வேறு கட்டையை யாரோ அங்கே சொருகியிருக்கிறார்கள். போர்டைப் பார்க்க மூன்று முறை போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. ஸ்டேஷனில், "பாக்கெட்ல எப்ப போட்டாரோ, யாருக்கும்மா தெரியும்?" என்றார்கள்.

மே மாதம் ஆபீசில் அவுட்டிங். கூட வேலை செய்யும் நிஷாதான் இடம் ஏற்பாடு செய்தாள். அதே ஓட்டல். அப்பா விபத்தில் போனது அவளுக்குத் தெரியும். எங்கே என்று நான் சொல்லவில்லை.

"மனசு சரியில்லன்னா வராத யுவா."

"வரேன்" என்றேன். இந்த முறை ஆபீஸ் கூட்டத்தோடு போனேன்; வாட்ச்மேன் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தான்.

மாலை ஆறரை. வெயில் இறங்கியும் தரை சுட்டது. மேனேஜர் கிருபாகரன் எங்களுக்குப் பங்களாவைச் சுற்றிக் காட்டினார். இழவுக்கு அவர் வரவில்லை. அதனால் என்னைத் தெரியாது. சமையலறைப் பக்க நடைக்கு வரும்போது இருட்டிவிட்டது. அந்த போர்டு அங்கேதான் இருந்தது.

"ஒரிஜினல் தேக்கு சார். இன்னும் ஓடுது. போட்டோ எடுத்துக்கலாம்."

"ஷாக் அடிக்குமா சார்? எங்க டீம் லீடர ஒரு தபா தொடச் சொல்லணும்" என்றான் ஜெகதீஷ். எல்லோரும் சிரித்தார்கள்.

"இங்க ஒருத்தர் கரண்டு அடிச்சு செத்தாராமே?" என்று கேட்டேன்.

கிருபாகரனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அதுவா மேடம்... வயசான ஆளு. மெயின ஆஃப் பண்ண மறந்துட்டாரு. இன்னா பண்றது? வாங்க, லான்ல ஸ்நாக்ஸ் ரெடி."

அவர்கள் போனார்கள். நான் நின்றேன். போர்டில் பன்னிரண்டு கட்டைகள். பதினொன்றில் அப்பாவின் கையெழுத்து. புல்வெளி லைனில் இருந்ததில் எழுத்தே இல்லை.

சுவிட்சை அணைத்து அதை உருவினேன். ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டேன். நீரூற்றுச் சத்தம் நின்றது. புல்வெளி விளக்குகள் அணைந்தன.

வெளியிலிருந்து கிருபாகரன் கத்தினார். "பாய்! லைன் பூட்ச்சு! கெஸ்ட்டுங்க நிக்கிறாங்க. ஏசி கட்டைய உருவி லான் லைன்ல சொருவு, சீக்கிரம்!"

சமையலறை வாசலில் உஸ்மான் கனி பாய் நின்றிருந்தார். அப்பாவோடு இருபது வருடம் டீ குடித்த சமையல்காரர். இழவு வீட்டில் ஓரமாய் உட்கார்ந்து அழுதவர். அன்று அம்மாவின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவேயில்லை. இப்போது என் முகத்தைப் பார்த்தார். போர்டின் காலி இடத்தையும் பார்த்தார்.

"இன்னா பாய், காது கேக்கலியா?" கிருபாகரன் உள்ளே வந்துவிட்டார். பின்னால் நிஷாவும் மற்றவர்களும்.

"தொட்டில யார்னா கீறாங்களான்னு பாத்தியா சார்?" என்றார் பாய்.

"இன்னா?"

"அன்னிக்கும் இப்டிதான் கத்துன. சொருவனேன். கங்கா தண்ணில கீறான்னு எனக்குத் தெரியாது. எறங்கச் சொன்னதே நீதான், உனக்குத் தெரியும். இன்னொரு தபா சொருவ மாட்டேன்."

நான் முன்னால் வந்தேன்.

"கங்காதரன் என் அப்பா" என்றேன். நிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாயின் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. "ரெண்டு மாசமா எங்க போனீங்க பாய்? மறதிக்காரன்னு எங்கப்பாவ எழுதி வச்சிருக்காங்க. எங்கம்மா அதைப் படிச்சுட்டாங்க."

"பயந்துட்டேம்மா. சொருவுன கை என்துதான."

"ஸ்டேஷன்ல சொல்லுவீங்களா?"

ஏப்ரனை அவிழ்த்து மேஜையில் போட்டார். "இப்பவே வா."

நிஷா கார் சாவியை எடுத்தாள். மூவரும் வாசலுக்கு நடந்தோம். கிருபாகரன் பின்னாலேயே வந்தார்.

"மேடம், கட்டையக் குடுத்துட்டுப் போங்க. லான் ஃபுல்லா இருட்டாக் கீது."

"என் பாக்கெட்ல கீது" என்றேன். நிற்கவில்லை.