வேண்டாம் என்ற பங்குதாரர்

ஸ்கூடாய் ஊர்க் கடையில் தே தாரிக் தேநீர் ஆற ஆற, நானும் என் பங்குதாரர்கள் பாத்திமாவும் குமாரும் பள்ளி வேன் செயலிக்காகச் சண்டை போட்ட நாட்கள் இன்னும் இனிக்கின்றன. பிள்ளை வேனிலிருந்து இறங்கியதும் பெற்றோருக்குச் செய்தி போக வேண்டும்.

"வேன் நின்னாலே பிள்ளை இறங்கிருச்சுன்னு காட்டுதுக்கா. செயலிய இப்ப வெளியிட வேணாம்," என்றாள் பாத்திமா.

"போலே லா, முடியும்! போகப் போகச் சரி பண்ணலாம்," என்றான் குமார்.

எதற்கும் முடியும் என்பவனையே எனக்குப் பிடித்தது. பாத்திமாவைப் பங்கிலிருந்து விலக்கிவிட்டுச் செயலியை வெளியிட்டேன்.

மறுமாதம் என் மகள் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. வாசலில் அவள் இல்லை. ஓட்டுநர் வீட்டுக்கு ஓடினேன். பூட்டிய வேனின் பின்னிருக்கையில், தூக்கம் கலைந்து, வியர்வையில் நனைந்து அழுதுகொண்டிருந்தாள்.

பாத்திமாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"பிள்ளைக்குத் தண்ணி கொடுத்தீங்களாக்கா?" என்றுதான் கேட்டாள்.

அந்தச் சண்டைகளில் அவள் என் பிள்ளைக்காகவும் பேசியிருக்கிறாள். எனக்குத்தான் அது எதிர்ப்பாகக் கேட்டிருக்கிறது.