ஏலத்தில் போன என் மதியச் சோறு

என் மகள் பொய் சொன்னாள். அதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ஆலயத்தின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ஓய்வுநாள் பள்ளியில் கிரேஸ் டீச்சர், பள்ளி விடுமுறை முகாமுக்கு வரும் பிள்ளைகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“எனக்கு கேம்ப்லாம் வேணாம் டீச்சர். போரிங்லா,” என்றாள் என் ஜெனி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போரிங்கா? முகாம் அறிவிப்புத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற பிள்ளை அவள்! தெலுக் பஹாங்கில், கடலோரத்தில், மூன்று நாள் முகாம். அவளுக்கு வயது பன்னிரண்டு. அடுத்த வருடம் சிறுவர் முகாமில் சேர்க்க மாட்டார்கள்.

காரணம் நான்தான், பிரியமானவர்களே. பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். பதினாறு வருட வேலை ஒரே கடிதத்தில் போயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஜாகா வேலைக்குச் சேர்ந்தேன். கேட்டருகே காவல் நிற்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் வாடகை கட்டியதும் கையில் ஒன்றும் நிற்காது. “முகாம் கட்டணம் கட்ட முடியாதவங்க என்னைத் தனியா வந்து பாருங்க,” என்று போதகர் இரண்டு வாரமாக அறிவித்தார். நான் போகவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், ரோஷம் அதற்கும் மேல். “செத்தாலும் எவன்கிட்டயும் கையேந்த மாட்டேன்!” என்று வீட்டில் கத்தினேன். பிள்ளை அதைக் கேட்டிருக்கிறாள். அப்பன் தலைகுனியக் கூடாது என்று ஆலயத்துக்குள்ளேயே பொய் சொல்லிவிட்டாள்.

அந்தப் படியிலேயே ஜெபித்தேன். ஜெபமா அது? சண்டை. “ஆண்டவரே, நான் மனுஷரிடம் கேட்க மாட்டேன். உம்மிடம்தான் கேட்பேன். அடுத்த ஞாயிறோடு பெயர் கொடுப்பது முடிகிறது. என் பிள்ளை போயாக வேண்டும்.” அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல உள்ளே போனேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வாசல் மண்டபத்து மேசையில் பூசணி, வாழைத்தார், கேக், ஊறுகாய் என்று காணிக்கைப் பொருட்கள் குவிந்திருந்தன. ஆராதனை முடிந்ததும் நேரே வேலைக்குப் போக வேண்டும் என்பதால் சீருடையிலேயே வந்திருந்தேன். என் மனைவி ராணி கட்டிக் கொடுத்த டிபன் கேரியர் கையில் இருந்தது. ஒரு பாட்டி மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தூக்க முடியாமல் நின்றார். கேரியரை மேசையில் வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். அத்தோடு கேரியரை மறந்தே போனேன்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. இந்த வருட ஏலப் பணம் பிள்ளைகளின் முகாமுக்கு என்றார் போதகர். ஏலம் போடுகிறவர் சாமுவேல் அண்ணன், பாசாரில் மீன் விற்பவர். ஒலிபெருக்கியே வேண்டாம், அப்படி ஒரு தொண்டை. பூசணி போனது, கேக் போனது. பிறகு அவர் கையில் என் கேரியர்!

எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து போய்க் கேட்கவும் வெட்கம். பிள்ளைகள் வரிசையில் ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் மூடியைத் திறந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெறும் சோறு, மேலே கொஞ்சம் கறுப்பு சோயாக் கிச்சாப், ஓரத்தில் பாதி முட்டை.

அவர் உள்ளே பார்த்தார். மூடியில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்தார். ‘அந்தோணி – ராணி.’ என்னைப் பார்த்தார். டப்பென்று மூடினார்.

“இது வீட்டுச் சாப்பாடு! உள்ள என்னான்னு காட்ட மாட்டேன்லா. வாசனையிலயே எனக்குப் பசிச்சிடுச்சு. கேளுங்க!”

சபையே சிரித்தது. காய்கறிக் கடை மேரி அக்கா முதலில் எடுத்தார். எங்கள் சபையில் ஏலம் எடுத்த பொருளை யாரும் லேசில் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. “திரும்பப் போடுங்கண்ணே,” என்று பணத்தையும் கட்டி மேசைக்கே கொடுத்துவிடுவார்கள். அக்காவும் கொடுத்தார். வாலிபர்கள் சேர்ந்து எடுத்தார்கள், திரும்பக் கொடுத்தார்கள். ஏழு தடவை! பாதி முட்டை ஏழு தடவை விலைபோனதை என் கண்ணால் பார்த்தேன். கடைசியில் சாமுவேல் அண்ணனே ஏலம் கேட்டு, அவரே பணம் போட்டு, கேரியரோடு என்னிடம் வந்தார்.

“டூட்டிக்கு நேரமாச்சு தம்பி. சாப்பிடாம நிக்காத.”

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவும் இல்லை.

“இந்த வருஷம் எந்தப் பிள்ளையும் கட்டணம் கட்ட வேண்டாம்,” என்று போதகர் அறிவித்தார். கிரேஸ் டீச்சரிடம் போய், “என் மகள் பெயரையும் எழுதிக்குங்க,” என்றேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். நான்காவது வரியில் ஜெனியின் பெயர் இருந்தது.

“போன வாரமே எழுதிட்டேன் அண்ணே. போரிங்னு சொல்லும்போதே அவ கண்ணு கலங்கிப் போச்சு. எப்படியாவது கூட்டிட்டுப் போயிடணும்னு எழுதிட்டேன்.”

நான் வெளியே படியில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்ட அதே நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் பெயர் ஏறிவிட்டது!

அந்த வாரம் யாரோ படுக்கைப் பை கொடுத்தார்கள், யாரோ டார்ச் லைட். மேரி அக்கா புதுச் சப்பாத்தே வாங்கிவந்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். நன்றி என்று வாயைத் திறந்து சொல்லவும் கற்றுக்கொண்டேன்.

முகாமுக்குப் போன மூன்றாம் நாள் பேருந்து திரும்பி வந்தது. வெயிலில் கறுத்துப்போய் இறங்கினாள் ஜெனி. முதல் பேச்சே, “அப்பா, நான் டீச்சர்கிட்ட பொய் சொல்லிட்டேன்பா.”

“தெரியும்மா. உன்னைச் சொல்ல வச்சது நான்தான். அப்பாவை மன்னிச்சிரு.”

பெற்றோர்களே, என்னைப் போல ரோஷத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் வைத்திருக்கிற சபையிடமும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் விடுவதை உங்கள் பிள்ளை சுமக்கிறது.