இரண்டு கைதட்டு

அறுபதுகளில் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்காக, ஒரு பழைய கிதாரை வைத்துக்கொண்டு ராக் அண்ட் ரோல் மாதிரி ஒரு பாட்டுக் கட்டினேன். ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு கைதட்டு. கூட்டம் திரும்பத் திரும்பப் பாட வைத்தது. அதோடு விட்டிருக்கலாம். பாம்பன் கரையில் கரைவலை இழுப்பவர்கள் பழைய அம்பாப் பாட்டை விட்டுவிட்டு, இதைப் பாடி இழுக்க ஆரம்பித்தார்கள். கைதட்டும் இடம் வந்ததும் அத்தனை பேரும் கயிற்றை விட்டுவிட்டுத் தட்டினார்கள். பாதி இழுத்த வலை கடலுக்கே திரும்பிப் போனது. உள்ளே இருந்த மீன் சும்மா இருக்குமா?

வலைக்குச் சொந்தக்காரர் ஓலைப்பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இங்கன பாருலே, இம்புட்டுத்தான் மீனு. ஒம் பாட்டால எம் பொழப்பே போச்சு!"

"கயித்த விடச் சொல்லி நானா பாடுனேன்? தட்டாமப் பாடச் சொல்லுங்கண்ணே."

"சொல்லாமலா இருப்பேன்? எந்த எடத்துல விடுறானுகன்னு கேளு" என்று பாடிக் காட்டினார். சுருதியும் சேரவில்லை, அது வேறு எரிச்சல்.

வரி முடிந்தது. பெட்டியை விட்டுவிட்டு இரண்டு தட்டுத் தட்டினார். மிச்ச மீனும் என் வாசல் மண்ணில்.