நாகர்கோவில் என்று சொல்லிக் குடிவந்த வீடு

தொண்ணூற்று இரண்டு, ஆடி வெள்ளி. அடையாறில் நாங்கள் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். மாடியில் இருந்த அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தகப்பனார் இராமநாதபுரத்துக்காரர். அதைக் காட்டித்தான் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். வீட்டுக்காரரிடம் மட்டும் சொந்த ஊர் நாகர்கோவில் என்று சொல்லி வைத்திருந்தார். இலங்கைக்காரர் என்றால் அப்போது வீடு கிடைக்காது.

செய்திகளைக் கத்தரித்து ஓரத்தில் தேதி எழுதி வைப்பது என் வழக்கம். அந்த ஆண்டு நான் கத்தரித்தவற்றில் 'அகதி' என்ற சொல் தனியாக நின்ற தலைப்பு ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் 'ஊடுருவல்', 'பதுங்கல்' என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்கடையில் தொங்கும் மாலைப் பத்திரிகைச் சுவரொட்டியைக் கடக்கும்போது அக்கா நடையை விரைவுபடுத்துவார். ஊரூர்க் குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவிடம் பேசிப் பேசியே மெட்ராஸ் பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த வீட்டுக்காரர், வாசலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மனு விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் மஃப்டியில் வந்து அக்காவைக் கேட்டார். படியிறங்கி வந்த அக்கா வீட்டுக்காரரைக் கண்டதும் ஒரு கணம் நின்றார்.

எவ்வளவு காலமாக இங்கே என்று கேள்வி வந்தது.

"ரெண்டு வருசமா இங்கதான் சார் கீறோம்."

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். "மனு போட்டது நீங்கதானா? பேச்சு அப்படித் தெரியலையே. எந்த ஊரும்மா நீங்க?"

வீட்டுக்காரர் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தினார். நாகர்கோவில் என்றால் மனு போய்விடும். உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். எங்கள் கதவருகே நின்ற என்னை அக்கா பார்த்தார்.

"யாழ்ப்பாணம், ஐயா. அங்கதான் பிறந்தனான். போட் ஏறி வந்தனாங்கள்."

கதவு சாத்திய பிறகு மட்டுமே நான் கேட்டிருந்த குரல் அது. போலீஸ்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்தார். "நாகர்கோவில்னு சொன்னீங்களே."

"ஓம்," என்றார் அக்கா.

வீட்டுக்காரர் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்ப்பதுபோல அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை கேட்டில் டு-லெட் பலகை தொங்கியது. மீன்காரம்மா கூடையை இறக்கிவிட்டு, "இன்னாம்மா, காலி பண்றியா?" என்றாள்.

அக்கா தலையசைத்தார். மனுவுக்குப் பதில் இந்த முகவரிக்குத்தான் வர வேண்டும். என் பக்கம் திரும்பினார்.

"தபால் வந்தால் வாங்கி வைப்பியளோ?"

மீன்காரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு சங்கரா மீனின் செதிலை எடுக்கத் தொடங்கினாள்.